சத்தம் கேட்டதும் பணப்பையைத் திறக்காதீர்கள்

வண்டியின் பின்பக்கத்திலிருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் வானொலியின் ஒலியைக் கூட்டுகிறோம். அதையும் மீறிக் கேட்டால் பட்டறைக்குப் போகிறோம். அங்கே ஒருவர் வண்டியின் பின்மூலையை இரண்டு முறை அமுக்கிப் பார்க்கிறார். “அப்சோர்பர் போயிடுச்சு” என்கிறார். பணம் கைமாறுகிறது. மறுநாள் அதே மேட்டில் அதே ‘டொம்’.

மாணவர்களே, இந்த வாரம் உங்களிடம் இரண்டு கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, சோதித்துப் பார்க்காமல் உதிரிப்பாகத்தை மாற்றுவது அறிவியலுக்கு நேர்மாறான பழக்கம். அதை உங்கள் வீட்டிலேயே உங்களால் நிறுத்த முடியும். மற்றொன்று, சுமை ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டியை அழகுக்காகத் தாழ்த்துவது தவறு. ஏன் தவறு என்பதை உங்கள் இயற்பியல் பாடமே காட்டிவிடும். இரண்டையும் ஒரே பிக்கப் வண்டியை வைத்துச் சொல்கிறேன்.

காய்கறி பிக்கப்

எங்கள் தாமானில் ஒருவர் இரவுச் சந்தையில் காய்கறி விற்கிறார். வாரத்தில் ஐந்து நாள் வியாபாரம். மாலையில் சரக்கோடு போவார். இரவு ஏறக்குறைய காலி வண்டியோடு திரும்புவார். அவர் வைத்திருப்பது பழைய சிறிய பிக்கப். வாங்கும்போதே அது தாழ்த்தப்பட்டிருந்தது. “பாக்க ஸ்டைலா இருக்கு, சாமான் ஏத்துறதுக்கும் உயரம் கம்மி” என்று அவருக்கும் மகிழ்ச்சிதான்.

சில வாரங்களில் சத்தம் தொடங்கியது. பட்டறையில் அப்சோர்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு மீண்டும் வந்தது. ஐந்து மாதத்தில் அந்தப் புதிய அப்சோர்பரிலிருந்து எண்ணெய் கசிந்தது. “மட்டமான சாமான்” என்று சொல்லி இன்னொரு சோடி போட்டார்கள். சத்தம் போகவில்லை. அடுத்தது ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். இரவுச் சந்தையில் ஐம்பது காசுக்குப் பேரம் பேசும் வாடிக்கையாளர்களிடம் கீரை விற்றுச் சேர்த்த பணம் அது.

அந்த இடத்தில்தான் அவருடைய மகள் குறுக்கே வந்தாள். படிவம் 4 மாணவி. ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்தாள். இரண்டு வாரம் அப்பாவோடு சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் குறித்துக்கொண்டே இருந்தாள். “என்னாமா, நோட்டுல எழுதுனா சத்தம் நின்னுடுமா?” என்று அப்பா சிரித்தார்.

நின்றது. எப்படி என்று பார்ப்பதற்கு முன், அந்த வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பின்சக்கரத்துக்கு மேலே

சுமை ஏற்றும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் இருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் போன்றவற்றைப் பின்னால் நின்று குனிந்து பார்த்தாலே தெரியும். வில்லைப் போல வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அடுக்கின் ஒரு முனை வண்டிச் சட்டத்தில் ரப்பர் புஷ்ஷோடு பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை ஷேக்கல் எனப்படும் ஆடும் இணைப்பில் தொங்கும். பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கவே ஷேக்கல் ஆடுகிறது. நடுவில், U வடிவப் போல்ட்டுகள் பட்டையையும் அச்சையும் இறுக்கிப் பிடித்திருக்கும்.

இன்னும் இரண்டு உறுப்புகள் முக்கியம். ஒன்று அப்சோர்பர். இந்தப் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. மேட்டில் ஏறும்போது அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அப்சோர்பர் அல்ல, ஸ்பிரிங். வாங்கிய ஆற்றலோடு ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காதபடி, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் அப்சோர்பரின் வேலை. அலைகள் பாடத்தில் ‘தணிப்பு’ என்று படிப்பது இதைத்தான். பெயர் அப்படி அமைந்துவிட்டதால், அதிர்ச்சி என்றாலே எல்லாரும் முதலில் அதைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

மற்றொன்று, அச்சுக்கு மேலே வண்டிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஒரு கைப்பிடி அளவு ரப்பர். பெரிய பள்ளத்தில் அச்சு அளவுக்கு மீறி மேலே எழும்போது, இரும்பும் இரும்பும் மோதாமல் இந்த ரப்பர் தடுக்கும். அப்சோர்பரின் உள்ளே பிஸ்டன் அடிமட்டத்தில் போய் இடிக்காமல் காப்பதும் இதுதான். விலை குறைவு, வேலை பெரிது.

நோட்டு சொன்னது

அந்த மாணவி எழுதியது மிக எளிமையான அட்டவணை. தேதி, போகும்போதா வரும்போதா, சரக்கு எவ்வளவு, சாலை ஈரமா காய்ந்ததா, எந்த மேட்டில் என்ன சத்தம். அவ்வளவுதான். பத்துச் சந்தை நாள், இருபது பயணம்.

முதலில் அவள் கண்டது, சத்தம் ஒன்றல்ல, இரண்டு என்பது. ஒன்று ‘டொம்’. மற்றொன்று ‘கிறீச்’. வீட்டில் எல்லாரும் இரண்டையும் சேர்த்து ‘அந்தச் சத்தம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நோய்க்கு ஒரே பெயர் வைத்தால் மருந்து எப்படிக் கிடைக்கும்?

அடுத்து, போகும்போது பத்து முறையும் ‘டொம்’ கேட்டது. திரும்பும்போது ஒன்பது முறை கேட்கவில்லை. அதே சாலை, அதே மேடுகள். அப்படியானால் காரணம் சுமையா, அல்லது சாலையின் அந்தப் பக்கம் மட்டும் மேடு கரடுமுரடாக இருக்கிறதா? இந்த இரண்டையும் அட்டவணையால் பிரிக்க முடியவில்லை. ஏனென்றால் போகும்போதெல்லாம் சுமை இருந்தது, வரும்போதெல்லாம் சுமை இல்லை.

பிரித்துக் காட்டியது மழை. ஒரு நாள் சந்தை தொடங்கியதுமே கொட்டிய மழையில் வியாபாரம் படுத்துவிட்டது. கொண்டுபோன சரக்கு அப்படியே வண்டியில் திரும்பியது. அன்றைக்கு மட்டும் திரும்பும்போதும் ‘டொம்’ கேட்டது! திசை மாறியும் சத்தம் மாறவில்லை. சுமை இருந்த இடத்தில் சத்தம் இருந்தது. அப்பாவுக்கு நட்டமான நாள்தான் மகளுக்கு மிகச் சிறந்த பரிசோதனை நாள்.

அதே இரவில் ‘கிறீச்’ காணாமல் போயிருந்தது. நோட்டைப் புரட்டினாள். சாலை ஈரமாக இருந்த எந்தப் பயணத்திலும் ‘கிறீச்’ இல்லை. காய்ந்த நாளில் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருந்தது. ஆக, ‘டொம்’ சுமையைச் சார்ந்தது, மழையைச் சார்ந்ததல்ல. ‘கிறீச்’ மழையைச் சார்ந்தது, சுமையைச் சார்ந்ததல்ல.

இதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ‘மாறிகளைக் கட்டுப்படுத்துதல்’ என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி மதிப்பெண் வாங்குகிறீர்கள். இங்கே அது ஒரு குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றியது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சுமைக்கும் ‘டொம்’முக்கும் என்ன தொடர்பு? ஹூக் விதியை எடுங்கள். ஸ்பிரிங் அமுங்கும் அளவு, அதன்மேல் விழும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இராபர்ட் ஹூக் இதை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையைச் சொன்னார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பாடநூலிலேயே விடை இருக்கிறது.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து 1 மில்லிமீட்டர் அமுங்க 80 நியூட்டன் தேவை. வண்டி காலியாக, தாழ்த்தப்படாமல் நிற்கும்போது அச்சுக்கும் அந்த ரப்பருக்கும் இடையே 90 மி.மீ. இடைவெளி. பின்சக்கரங்களின் மேல் 200 கிலோ காய்கறி ஏறுகிறது. அதன் எடை ஏறத்தாழ 2,000 நியூட்டன். 2,000-ஐ 80-ஆல் வகுத்தால் 25. ஆக, ஸ்பிரிங் 25 மி.மீ. அமுங்கும். மீதி இடைவெளி 65 மி.மீ.

இப்போது வண்டியைத் தாழ்த்துங்கள். இந்த வகைச் சிறிய பிக்கப்பில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே 50 மி.மீ. இரும்புக் கட்டை ஒன்றைச் செருகினால் அச்சு அந்த அளவுக்கு மேலே போய்விடும். வண்டியின் உடல் அந்த அளவுக்குத் தரையை நோக்கி இறங்கும். ஸ்பிரிங் மாறவில்லை, அதன் விறைப்பும் மாறவில்லை. ஆனால் 90 மி.மீ. இடைவெளி 40 ஆகிவிட்டது. அதே காய்கறியை ஏற்றினால் மிஞ்சுவது 15 மி.மீ. உங்கள் சுண்டுவிரலின் அகலம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

65-உம் 15-உம். நான்கு மடங்குக்குச் சற்று அதிகமான வித்தியாசம் என்று நினைப்பீர்கள். இங்கேதான் இயற்பியல் நம்மைத் திருத்துகிறது. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் தூரத்தைப் பொறுத்ததல்ல, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நிற்கும் நிலையிலிருந்து ரப்பரைத் தொடும்வரை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளக்கூடிய கூடுதல் ஆற்றல், விறைப்பில் பாதியைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். விறைப்பு மீட்டருக்கு 80,000 நியூட்டன். தாழ்த்தாத வண்டியில் 40,000 பெருக்கல் 0.065-இன் வர்க்கம், அது 169 ஜூல். தாழ்த்திய வண்டியில் 40,000 பெருக்கல் 0.015-இன் வர்க்கம்; வெறும் 9 ஜூல்!

169 எங்கே, 9 எங்கே? ஏறக்குறைய 19 மடங்கு குறைவு. அப்சோர்பர் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் கதை மாறாது. தாமான் முகப்பில் உள்ள ஒரு சாதாரண வேகத்தடை மேடே இந்த 9 ஜூலைத் தாண்டிவிடும். தாண்டிய மறுகணம் அச்சு மேலே போய் இடிக்கும். அதுதான் ‘டொம்’. காலியாகத் திரும்பும்போது 40 மி.மீ. இருப்பதால் 64 ஜூல் வரை தாங்கும். மேட்டை மெதுவாகக் கடந்தால் சத்தம் வராது.

களிமண் சாட்சி

கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஊகம்தான். சாட்சி வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் வேறொரு பட்டறைக்குப் போனார்கள். அங்கிருந்த வயதான மெக்கானிக் வண்டியைத் தூக்கியில் ஏற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ரப்பர் இல்லை. தாழ்த்தியபோது யாரோ இடம் போதவில்லை என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். ரப்பர் இருந்த இடத்தில் இரும்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

அவர் இன்னொன்றும் செய்தார். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து அச்சின் மேல் ஒட்டிவிட்டார். காலி வண்டியோடு ஒரு சுற்று போய்வரச் சொன்னார். களிமண் அப்படியே இருந்தது. அன்று மாலை சரக்கோடு போய்வந்த பிறகு பார்த்தால், அது தாள்போல நசுங்கியிருந்தது. இதற்கு மேல் யாரிடம் விவாதிக்க வேண்டும்?

கட்டைகளை எடுத்துவிட்டு, வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, U போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, ரப்பரையும் பொருத்தினார்கள். ‘டொம்’ போனது. ‘கிறீச்’சுக்கு வேறு வேலை. ஷேக்கலின் புஷ் காய்ந்து இறுகியிருந்தது. அதன்மேல் தண்ணீர் தெளித்ததும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. மழை நாளில் சத்தம் ஏன் இல்லை என்பதற்கு விடை அது. புஷ்ஷை மாற்றினார்கள். இந்த இடத்தில் பலர் கையில் கிடைத்த எந்திர எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். இரப்பர் தோட்டங்களின் நாட்டில் பிறந்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை இரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

இந்தச் செலவு எல்லாம் சேர்ந்தும், ஏற்கெனவே மாற்றிய அப்சோர்பர் ஒரு சோடியின் விலையைத் தொடவில்லை.

அந்த ஒரு வாரம் ஏன் சத்தம் வரவில்லை?

கவனமாகப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும். முதல்முறை அப்சோர்பர் மாற்றியதும் ஒரு வாரம் சத்தம் நின்றதே, அது எப்படி?

அந்த மாணவிக்கும் இதே கேள்வி வந்தது. பட்டறை ரசீதின் தேதியை நாட்காட்டியில் பார்த்தாள். அது சீனப் புத்தாண்டு வாரம். மொத்த வியாபாரிகள் பலர் கடையடைத்திருந்தார்கள். அப்பா அந்த வாரம் பாதிச் சரக்குதான் ஏற்றினார். பாதிச் சுமைக்கு ஸ்பிரிங் 12.5 மி.மீ. மட்டும் அமுங்கும், மிஞ்சிய இடைவெளி 27.5 மி.மீ.; தாங்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 ஜூல். ஒன்பதுக்கும் முப்பதுக்கும் உள்ள இடைவெளியில் சத்தம் ஒளிந்துகொண்டது. பெருமை அப்சோர்பருக்குப் போனது.

எண்ணெய் கசிவையும் இப்படித்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். அப்சோர்பர் கெட்டதால் சத்தம் வந்தது என்றார்கள். உண்மையில் காக்க ரப்பர் இல்லாததால், விழுந்த அடியையெல்லாம் அப்சோர்பர் வாங்கிக்கொண்டு கெட்டது. கசிவு விளைவு, காரணம் அல்ல.

மாணவர்களே, ‘இதற்குப் பிறகு அது நடந்தது, எனவே இதனால்தான் அது நடந்தது’ என்று நினைப்பது மனித மனத்தின் மிகப் பழைய பிழை. மருந்து குடித்த மறுநாள் சளி குறைந்தால் மருந்தைப் புகழ்கிறோம். புதுப் பேனாவில் எழுதித் தேர்ச்சி பெற்றால் பேனாவைப் பத்திரப்படுத்துகிறோம். அந்தப் பிழையைப் பிடிக்க ஒரு நோட்டும் ஒரு நாட்காட்டியும் போதும்.

காது சொல்வதை எண்ணாக மாற்றுங்கள்

தாழ்த்திய வண்டியில் வேறு சத்தங்களும் வரும். எல்லாவற்றுக்கும் ரப்பரையே குற்றம் சொன்னால் நாமும் அந்தப் பட்டறைக்காரரைப் போலத்தான். ஆகவே கேள்விகளால் சந்தேகத்தைச் சுருக்க வேண்டும்.

மேட்டில் மட்டும் வருகிறதா? அச்சுக்கு மேலே வளைந்து செல்லும் புகைக்குழாய் அச்சில் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நகரத் தொடங்கும்போது ஒரே ஒரு ‘டக்’ வருகிறதா? U போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது உராயும் சத்தமா? டயர் சக்கர வளைவில் தேய்கிறது. எந்த மேட்டிலும் கடகடவென்று ஆடுகிறதா? முதலில் பின்கதவையும் உதிரி டயரையும் ஜேக்கையும் ஆட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை எப்போதும் முதலில் வர வேண்டும்.

வேகத்தோடு கூடும் இரைச்சல் என்றால், அதே வேகத்தில் வேறு கியரில் போகும்போது கேளுங்கள். இரைச்சல் மாறாவிட்டால் அது எஞ்சினில் இருந்து வருவதல்ல. சக்கரத்தோடோ, எஞ்சின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டோடோ தொடர்புள்ளது.

எது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்றால் சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றும். சமநிலை கெட்ட சக்கரம் 10 ஹெர்ட்சில் அதிரும். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்சுக்குக் கீழே கேட்காது. ஆகவே அதை இருக்கை நடுக்கமாக உடல்தான் உணரும். பின்னச்சின் பல்சக்கர விகிதம் 4 என்றால், தண்டு நொடிக்கு 40 முறை சுற்றும். தண்டின் முனையில் உள்ள சிலுவை இணைப்பு சாய்வாக வேலை செய்யும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதன் வேகம் கூடிக் குறையும். எனவே 80 ஹெர்ட்ஸ். இது காதுக்கு ‘ம்ம்ம்’ என்ற முனகலாகக் கேட்கும். இரு முனை இணைப்புகளின் கோணமும் சமமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வண்டியைத் தாழ்த்தும்போது அந்தக் கோணங்கள் கலைந்துபோகலாம்.

ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, கைப்பேசியின் ஒலிவாங்கியையும் முடுக்கமானியையும் கொண்டு அதிர்வெண்ணைக் காட்டும். பயணியாக அமர்ந்து நீங்கள் பதிவு செய்யலாம். வண்டி ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது.

ஏன் காதை மட்டும் நம்பக்கூடாது? காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். அச்சில் விழும் அடி வண்டிச் சட்டம் வழியாக ஓடி, பின்தட்டின் தகட்டை முரசுபோல ஒலிக்கச் செய்கிறது. நமக்குக் கேட்பது அடித்த கோலின் இடம் அல்ல, அதிர்ந்த முரசின் இடம். ‘சீட்டுக்கு அடியில்தான்’ என்று நால்வர் சத்தியம் செய்தாலும் தவறு சக்கரத்தருகே இருக்கலாம்.

அப்படியென்றால் தாழ்த்தவே கூடாதா?

தாழ்த்துவதை விரும்பும் அண்ணன்மார் ஒரு நியாயத்தைச் சொல்வார்கள். புவியீர்ப்பு மையம் கீழே இறங்கினால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும். உண்மைதான். பந்தயக் கார்கள் தரையோடு தரையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பந்தயக் காரில் ஸ்பிரிங், அப்சோர்பர், தடுப்பு ரப்பர், தண்டின் கோணம் எல்லாம் அந்த உயரத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதில் 200 கிலோ பூசணிக்காய் ஏறுவதும் இல்லை.

நம் ஊரில் பல வண்டிகளில் நடப்பது பாதி வேலை. கட்டையைச் செருகுகிறார்கள், மற்றதெல்லாம் பழையபடியே. முழு வேலை செய்தாலும் ஒரு விலை உண்டு. பயணத் தூரம் பாதியானால், அதே ஆற்றலைத் தாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். சூத்திரத்தில் தூரம் வர்க்கமாக நிற்பதை மறக்காதீர்கள். நான்கு மடங்கு விறைப்பான வண்டியில் தக்காளி சந்தைக்குப் போய்ச் சேருமா? வெறும் சட்னிதான் போய்ச் சேரும்.

என் கருத்து நேரானது. சுமை வண்டிக்கு அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள அந்தக் காலி இடம் வீணான இடம் அல்ல. அது பாதுகாப்புக்கென்று பொறியாளர் ஒதுக்கி வைத்த சேமிப்பு. அதை அழகுக்காகச் செலவழித்தால், பள்ளம் வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகள் இருப்பதும் இதற்காகத்தான்.

யோசிப்பதற்குக் கூலி கொடுப்போம்

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்ததற்குக் கூலி கேட்டால் நாம் சண்டைக்கு நிற்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள உதிரிப்பாகத்தைக் காட்டினால் தலையாட்டிப் பணம் கொடுக்கிறோம். கையில் பிடித்துப் பார்க்க முடிகிற பொருளுக்குக் காசு கொடுக்கிறோம்; மூளை உழைத்ததற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அப்படியானால் பட்டறைகள் பொருளைத்தானே விற்கும்? களிமண் உருண்டை ஒட்டிய அந்த வயதான மெக்கானிக் அதற்குத் தனியாகக் கூலி வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளையை, ‘படிப்பு வராததால் போகிறான்’ என்று பேசும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஊகம், கணக்கு, சாட்சி, முடிவு என்று அந்த மெக்கானிக்கும் மாணவியும் செய்தது எதில் குறைந்த படிப்பு? எஸ்பிஎம் தேர்வில் ஹூக் விதிக்கு மனப்பாடமாக விடை எழுதிவிட்டு, அப்பாவின் வண்டியைத் தள்ளிநின்று பார்ப்பவரைவிட, அந்த விதியை ஒரு ‘டொம்’ சத்தத்தில் அடையாளம் காண்பவரே அதைப் படித்தவர்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். கார், மோட்டார் சைக்கிள், சலவை இயந்திரம், மின்விசிறி. ஒரு நோட்டை எடுங்கள். என்ன சத்தம், எப்போது, எப்போது இல்லை என்று இரண்டு வாரம் எழுதுங்கள். ‘எப்போது இல்லை’ என்ற பத்தியைக் கட்டாயம் நிரப்புங்கள்; பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு கண்டிப்பான விதி: ஜேக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள். கழற்றுவதும் மாட்டுவதும் பெரியவர்களின் வேலை. கவனிப்பதும் எழுதுவதும் கணக்கிடுவதும் உங்கள் வேலை.

அந்தப் பிக்கப் இப்போதும் எங்கள் தாமானைக் கடந்து சந்தைக்குப் போகிறது, கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் பழைய தோற்றத்தோடு. மேட்டில் சத்தமே வருவதில்லை. ஆனால் வேறொரு மாற்றம் வந்திருக்கிறது. வண்டியில் எங்காவது ஏதாவது கேட்டால் அப்பா இப்போது பட்டறைக்கு ஓடுவதில்லை. “அம்மா, அந்த நோட்ட எடும்மா” என்கிறார்.